சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள கடைவரிசையில் ஒரு கிளினிக் இருக்கிறது. அதன் வாசலில், அஞ்சடி நடைபாதையைப் பாதி அடைத்துக்கொண்டு, ஒரு சப்பாத்து அலமாரி நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்த காலையில் அதன் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். காய்ச்சல்காரர், இருமல்காரர், சேற்றுப்புண்காரர் என்று எல்லாரும் அவிழ்த்துப் போட்ட ஈரச் சப்பாத்தும் சிலிப்பரும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து புழுங்கும். அதற்கு மேல் எலுமிச்சை வாசனைத் திரவத்தை வேறு அடித்து வைப்பார்கள். நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த எலுமிச்சையை என்னால் பொறுக்க முடியாது.

அலமாரிக்கு மேலே நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று. தமிழ் கடைசியில், பொடி எழுத்தில். ஆனால் முதலில் கீழ்ப்படிகிறவர்கள் நாம்தான். நம் ஆட்களுக்கு அந்த எழுத்தே தேவையில்லை. பளபளவென்று ஒரு தரையைப் பார்த்துவிட்டால் போதும், கால் தானாகச் செருப்பை உதறிவிடும். கோவில், கல்யாண வீடு, இழவு வீடு, டாக்டர் வீடு, எல்லாம் நமக்கு ஒரே வாசல்.

முன்பு அங்கே ஒரு சீன டாக்டர் இருந்தார். சிமெண்ட் தரை, இரும்பு நாற்காலி, சுழல்வதா நிற்பதா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி. பாசாரிலிருந்து மீன் பையோடு நேராக உள்ளே போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர் கிளினிக்கை விட்டுப் போன பிறகு, அந்த இடத்தை ஓர் இளம் தமிழ் டாக்டர் எடுத்தார். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேத்தி என்று சொன்னார்கள். எங்கள் கட்டடமே பூரித்துப்போனது. திறப்பு விழாவுக்கு என் கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், ஏதோ சொந்த மகள் பட்டம் வாங்கியது போல் கண்கலங்கி நின்றார். வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார்கள். குனிந்தால் முகம் தெரியும். அன்றைக்கே வாசலில் அலமாரியும் வந்துவிட்டது.

என் கணவரின் காலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு இருபது வருடத்துக்கு மேலாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கடைசியில் பாதம் முழுவதும் மரத்துப்போனது. ஒருமுறை சுண்டு விரலில் புண் வந்தது. அவருக்குத் தெரியவில்லை. வாடை வந்த பிறகு எனக்குத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த மலாய் நர்ஸ், மிஸ்ஸி என்போம், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், இனி வெறுங்காலோடு ஓரடியும் வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, அடுத்த முறை விரலோடு நிற்காது என்று. அகலமாக, கறுப்பாக, பார்க்கச் சகிக்காத ஒரு சப்பாத்தைச் செய்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காலைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வீட்டின் முதல் வேலை. தினமும் சாயங்காலம் அவர் காலை என் மடியில் தூக்கி வைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பேன். சமையல், வேலை, தூக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்குள் செருப்புப் போட அவரைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. சாமிப் படம் மாட்டியிருக்கும் கூடத்தில் செருப்புக் காலோடு எப்படி நடப்பது என்று நாள் கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “சாமிக்கு உங்க கால் வேணுமா, செருப்பு வேணாமா, ரெண்டுல ஒண்ண சாமியே சொல்லட்டும்” என்று நான் கத்திய பிறகுதான் வழிக்கு வந்தார். அதற்குப் பிறகும் படத்துக்கு எதிரே போகாமல் சமையலறை ஓரமாக நின்று கும்பிட்டுக்கொள்வார்.

இப்படிப் பாடுபட்டுச் சேர்த்ததை அந்த வெள்ளைத் தரை ஒரே நாளில் கொட்டிக் கவிழ்த்தது.

முதல்முறை மருந்து வாங்க நாங்கள் இருவரும் போனபோது, அலமாரியைப் பார்த்ததும் அவர் குனிந்து சப்பாத்தின் பட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். சின்ன வயது, நம் பிள்ளைதான், நெற்றியில் துளி விபூதி.

“அங்கிள், சப்பாத்த கழட்டிட்டு வாங்க. லந்தாய் கோத்தோர் ஆயிடும், தரையெல்லாம் அழுக்கு.”

“அவருக்குக் கால்ல உணர்ச்சி இல்லம்மா. வெறுங்கால்ல நடக்கக் கூடாது.”

“எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தான் ஆண்டி. உள்ளுக்கு சிலிப்பர் இருக்கு, போட்டுக்கலாம்.”

உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூடையில் நீல நிற ரப்பர் சிலிப்பர்கள் கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஈரம். குதிகால் பக்கம் யாரோ ஒருவரின் தோல் உரிந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. இன்னொன்றில் பழைய பிளாஸ்டர் ஒன்று, பஞ்சு பழுப்பாகி, அடியில் அப்பிக்கொண்டிருந்தது. புண் வரக் கூடாத காலுக்கு ஊரார் புண்ணைப் பூசிவிடும் ஏற்பாடு. நான் அதைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைக்க இடம் தேடினேன். அன்றைக்கு அவரைக் காலுறையோடு, தரையைப் பார்த்துப் பார்த்துக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன்.

உள்ளே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் வெறுங்கால். வெடித்த குதிகால், கறுத்த நகம், கட்டுப்போட்ட விரல், அத்தனையும் அந்த வெள்ளைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. அதில் அந்த டாக்டரே தோன்றி, மூன்று மொழியில், நோயாளிகளுக்கான செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சல் தடுப்பூசி வந்துவிட்டது. முகம் வெளுக்கும் சிகிச்சை வந்துவிட்டது. வயிறு குறைக்கும் ஊசி வந்துவிட்டது. அடுத்தது இனிப்பு நீர்க்காரர்களுக்கான அறிவுரை.

“உங்கள் பாதங்களை நேசியுங்கள். வீட்டிலும் வெளியிலும் ஒருபோதும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.”

இதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த அத்தனை வெறுங்கால்காரர்களும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓர் அக்கா, அவரும் இனிப்பு நீர்க்காரர்தான், என் பக்கம் திரும்பி, “எவ்வளவு அழகா சொல்லிக் குடுக்கறாங்க பாத்தீங்களா” என்றார். அவர் கால் பெருவிரலில் கட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டிவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் அறைக்குள் போனபோது முதலில் அவருடைய காலைத்தான் பார்த்தேன். தடித்த அடியோடு வெள்ளை வெளேரென்று சப்பாத்து போட்டிருந்தார். வெளியே வந்து கவுண்டர்ப் பெண்ணிடம் கேட்டேன்.

“டாக்டருக்கு மட்டும் சப்பாத்து உண்டாம்மா?”

“அது உள்ளுக்கு மட்டும் போடறது ஆண்டி. வெளிய போட மாட்டாங்க.”

சரி, அதுதான் சட்டமென்றால் நமக்கும் அதுவே இருக்கட்டும் என்று, அன்றைக்கே அவருக்கு மெத்தென்று ஒரு புதுச் சிலிப்பர் வாங்கினேன். தெருவைப் பார்க்காத சிலிப்பர். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன். கிளினிக்குக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போவோம். வாசலில் உட்கார வைத்து, கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, அதை மாட்டிவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போவேன். கவுண்டர்ப் பெண் உதட்டைப் பிதுக்குவாள், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டாள். என் முகம் அப்படி இருக்கும்.

என் கணவருக்கு அது அவமானமாக இருந்தது. “எல்லாரும் பாக்கறாங்க. நான் மட்டும் செருப்போட மகாராசா மாதிரி நடக்கறேன். நம்ம பிள்ள கஷ்டப்பட்டுப் படிச்சி வந்து தொறந்த எடம்லா இது” என்பார். அவருக்குக் கால் போவதைவிட மரியாதை போவதுதான் பெரிசு. இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது என்று தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் நான் கூட இருக்கும்வரை சிலிப்பர் காலில் இருந்தது.

கிளினிக்கிலிருந்து தினமும் காலையில் வாட்சாப்பில் செய்தி வரும். ஒரு ரோஜாப்பூ, ஒரு வணக்கம், ஓர் அறிவுரை, அதன் அடியில் ஒரு புதுச் சேவை. டாக்டர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய படம்கூட வந்தது. இவர் ஒன்று விடாமல் படிப்பார். படித்துவிட்டுக் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். ஒரு நாள், இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதப் பரிசோதனை என்ற புதுச் சேவை தொடங்குகிறது, விவரத்துக்குக் கிளினிக்கின் செய்திப் பலகையைப் பாருங்கள் என்று வந்தது. நான் செபராங் ஜெயாவில் அலுவலக வேலையில் இருந்தேன். கடலுக்கு மேல் போட்ட பாலத்துக்கு அந்தப் பக்கம், நினைத்தவுடன் வர முடியாது. “சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன், தனியா போவாதீங்க” என்று போனில் சொன்னேன். சரி சரி என்றார்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் உற்சாகமாக இருந்தார். தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாராம். அங்கிருந்து பாசார், பிறகு கடையில் ஒரு தே தாரேக் டீ, நண்பர்களோடு கதை. நான் வழக்கம்போல் காலை மடியில் தூக்கி வைத்து, காலுறையைக் கழற்றி, டார்ச்சை அடித்தேன்.

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, மஞ்சளாக ஒரு பொட்டு இருந்தது. முதலில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. காகிதத்தைப் பலகையில் குத்திவைக்கும் சின்ன ஆணி. அதன் தட்டைத் தலை தோலோடு தோலாகப் பதிந்திருந்தது. மதியத்திலிருந்து அந்த மனிதர் ஆணியின்மேல் நடந்திருக்கிறார். பாசாருக்கு நடந்திருக்கிறார், தே கடைக்கு நடந்திருக்கிறார், எங்கள் மாடிப்படி ஏறியிருக்கிறார். காலுறை உள்பக்கம் ரத்தம் கறுப்பாகக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

“என்ன பாக்கற?” என்றார்.

நான் ஆணியை நகத்தால் நெம்பினேன். பிடுங்கினேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

கதவுக்குப் பின்னால் பை இல்லை. மேசைமேல் இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்க, உள்ளே சிலிப்பர். கிளினிக்வரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வெட்கப்பட்டு அவிழ்க்காமலே திரும்பக் கொண்டு வந்திருக்கிறார். பலகையில் அந்தப் பெண் புதுச் செய்தியைக் குத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, பாதப் பரிசோதனையைப் பற்றி வரிவரியாகப் படித்தாராம். எல்லாரையும் போல் காலுறையையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆணியை ஒரு டிஷ்யூவில் மடித்து எடுத்துப்போய்க் கவுண்டரில் வைத்தேன். அந்தப் பெண் அதைத் தொடாமல் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பலகை முழுக்க அதே மஞ்சள் தலைகள்.

“எங்களது இல்ல ஆண்டி. இந்த மாதிரி எல்லா எடத்துலயும் விக்கறாங்க.”

டாக்டர் புண்ணைப் பார்த்தார், சுத்தம் செய்தார், மருந்து கொடுத்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே என் கணவரைப் பார்த்துச் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

“அங்கிள், நீங்க ரொம்பக் கேர்ஃபுல்லா இருக்கணும். நம்ம வீடியோ பாக்கலயா? வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கோமே.”

என் கணவர் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல், “பாத்தேன் டாக்டர், என் தப்புதான், இனிமே கவனமா இருக்கறேன்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என்னென்னவோ சொன்னேன். உங்கள் வாசலில் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதாகத்தான் நினைத்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுத்தம் எல்லா நோயாளிகளுக்கும் நல்லது, உங்கள் கருத்தை எழுதிப் பெட்டியில் போடுங்கள், அதற்கென்று புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறோம் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வெளியே வந்தபோது என் கணவர் தாழ்ந்த குரலில், “சின்னப் பிள்ளகிட்ட போய் இப்படியா பேசுவ” என்றார்.

புண் ஆறவில்லை. வெளியே மூடிக்கொண்டு உள்ளே பரவியது. குளிர்காய்ச்சல் வந்து, பாதம் வீங்கி, தோல் கறுத்து, வீடெங்கும் அந்தப் பழைய வாடை வந்தபோது நான் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே மிஸ்ஸி இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்காத ஆட்கள் நாங்கள் என்று நினைத்திருப்பாள். அவளிடம் என்ன விளக்கம் சொல்வது? ஒரு தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று சொன்னால் நம்புவாளா?

இனி அந்தக் கிளினிக் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றிருந்தேன். ஆனால் இரத்த அழுத்த மாத்திரை மாதாமாதம் வேண்டும். மற்ற கிளினிக் எல்லாம் படியேறிப் போக வேண்டிய இடம். அப்போது பார்த்து ரோஜாப்பூவோடு ஒரு செய்தி வந்தது. நோயாளிகளின் வசதிக்காகச் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைத்திருக்கிறோம் என்று. இவர் படித்துவிட்டு, “பாத்தியா, நம்மள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் செஞ்சிருக்காங்க” என்றார். கைகூப்பும் படம் அனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். நான் அதற்குமுன் பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே வந்து அவரைக் கீழே இறக்கித் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். என் சிலிப்பரெல்லாம் மீன் தண்ணீர், செதில். சாய்தளம் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். மேலே ஏறியதும் கவுண்டர்ப் பெண் ஓடி வந்தாள். கையில் ஈர டிஷ்யூ. குனிந்து நாற்காலியின் சக்கரங்களைத் துடைத்தாள். பாவம், மனமில்லாமல் செய்யவில்லை. துடைத்து முடித்து நிமிர்ந்தபோது அவருடைய வலது காலைப் பார்த்தாள்.

“அங்கிள், சப்பாத்து.”

அவர் உடனே குனிந்தார். இடுப்பு மடங்கவில்லை, மூச்சு வாங்கியது. இருந்தாலும் எட்டிப் பிடித்து, பட்டையைப் பிரித்து, அந்த ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் சிலிப்பரைக் கழற்றவில்லை. கவுண்டர்வரை போய், தண்ணீர் குடிக்கும் இயந்திரம்வரை போய், செய்திப் பலகைக்கு முன்னால் ஒருமுறை திரும்பி, மறுபடியும் கவுண்டருக்கு வந்தேன். வெள்ளை டைல்ஸில் நான் போன இடமெல்லாம் கறுப்புத் தடம், செதிலோடு. உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வெறுங்கால்களை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மேலே டிவியில் டாக்டர் பாதங்களை நேசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதம்மா” என்று என் கணவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். “பாசார்லேருந்து நேரா வந்துட்டாங்க. மறந்துட்டாங்க.”

நான் அவர் மடியிலிருந்த சப்பாத்தை எடுத்தேன். அவருக்கு முன்னால் அந்தத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த காலைப் பிடித்து, மாட்டப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“வேணாம்லா” என்றார் மெதுவாக. “லந்தாய் அழுக்காயிடும்.”

நாற்காலியின் மிதிபலகையில் இருந்த அந்தக் கால் தரையில் படவே போவதில்லை. இது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.